கிளீட்டஸின் கொரியப் பாட்டு

ரீத்தா செவுளைப் பிளந்து பார்க்காமல் ஒரு மீனும் வாங்கமாட்டாள். மணவாளக்குறிச்சிச் சந்தையில் அவளோடு மீன் விற்கும் பெண்கள் அதற்காகக் கேலி செய்வார்கள். செய்யட்டும். கெட்ட மீனை அவள் தலையில் கட்டியவன் இன்னும் பிறக்கவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு 2013இல் புருஷன் மேலேயே சந்தேகம் வந்தது. கொரியாக்காரன் கப்பலில் இரண்டு வருடம் மீன்பிடித்துவிட்டு வந்த கிளீட்டஸ், சாயங்காலமானால் கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்து போனில் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். ரீத்தா தலையைக் கண்டால் சட்டென்று நிறுத்துவான். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரம் அவளே போட்டுக் கேட்டாள். கிட்டார் மெல்லத் தொடங்கியது, பின்னாலேயே டிரம்ஸ், நடுவில் ஒரு பெண்குரல். அழவுமில்லை, கத்தவுமில்லை, போனவன் திரும்பமாட்டான் என்று தெரிந்தும் கதவைச் சாத்தாமல் இருப்பவளின் குரல். பாஷை ஒரு சொல்லும் புரியவில்லை, ஏக்கம் நன்றாகப் புரிந்தது. இரண்டு வருடம் அதே ஏக்கத்தில் கிடந்தவளல்லவா! எவளோ ஒருத்தி இவனை நினைத்துப் பாடி அனுப்பியிருக்கிறாள் என்று முடிவுகட்டினாள். அடுத்த மாதம் மறுபடியும் அதே கப்பலுக்குக் கிளம்புகிறான், பாவி.

கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் ஊர் சிரிக்கும். நேரே மாதா கோவிலுக்குப் போய், குடும்ப சமாதானத்துக்காக ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் காணிக்கை கட்டி ஒப்புக்கொடுத்தாள். யார் எதற்காக ஒப்புக்கொடுத்தார்கள் என்பதைப் பூசைக்கு முன் உபதேசியார் மைக்கில் வாசிப்பார். அன்று அவளுடையதை வாசித்த கையோடு அடுத்ததையும் வாசித்தார்.

“கடலில் மரித்த சாங்-ஹோவின் ஆன்மா இளைப்பாற, கிளீட்டஸ்.”

பக்கத்திலிருந்த ஞானசெல்வி அவள் தொடையைக் கிள்ளினாள். “ஏட்டி, ஒங்க வீட்டுல ஆருட்டி செத்தது?”

வீட்டுக்கு வந்ததும் ரீத்தா அதையே புருஷனிடம் கேட்டாள்.

“கப்பல்ல எனக்க பக்கத்துல படுக்கவனாக்கும்” என்றான் கிளீட்டஸ். “நான் சாயங்காலம் கேக்குத பாட்டு அவனுக்கு இஷ்டப்பட்டது. எனக்க போன்லயும் ஏத்தித் தந்தான். ஒருநாள் காத்துல வழுக்கி விழுந்தான். ஒடம்பு கிட்டல்ல. பூச வைக்கவும் அவனுக்கு ஆளில்லியே. மைக்குல வாசிக்காண்டாமுண்ணு சொல்லியும் உபதேசியாரு வாசிச்சிட்டாரு.”

“எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?”

“சொன்னா என்னைத் திரும்பப் போக விடுவியாட்டி?”

ஒருத்தி என்றால் ரீத்தா கொண்டையைப் பிடித்து உலுக்கிவிடலாம். கடலை எங்கே பிடிப்பது?

“மாதாவே, அது ஒரு பொம்பளையாவே இருந்திருக்கப்பிடாதா!” என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

கிளீட்டஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை.