ஐந்தும் இரண்டும் எட்டு

அக்காவுக்குக் கணக்கு என்றால் உயிர். ராட்டையில் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டே என் ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவை வாயாலேயே போட்டுவிடுவாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் காலேஜில் சேர வேண்டும் என்றாள். அப்பா தறியிலிருந்து தலை நிமிராமலே, ஒரு வரன் வந்திருக்கிறது, பையனுக்குப் பிடித்துவிட்டால் ஆவணியில் கல்யாணம், இல்லாவிட்டால் காலேஜில் சேர்க்கிறேன் என்று முடித்துவிட்டார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மாப்பிள்ளை வாலாஜாபாத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஜாதகப் பொருத்தமெல்லாம் பேஷாக இருக்கிறதென்று ஜோசியர் சொன்ன பிறகுதான், காமாட்சியம்மனைக் கும்பிட்ட கையோடு பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. பெண்ணைப் பாடச் சொல்லுங்கள் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் வீட்டில் பாட்டு யாருக்கு வரும்? எல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டைகள். அம்மா திருதிருவென்று முழிக்க, அப்பா மட்டும் பெருமையாக, பாட்டு வராது, கணக்கு நன்றாகப் போடுவாள் என்றார்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சிலேட்டை வாங்கி இரண்டு சமன்பாடுகளை எழுதினார். மூன்று எக்ஸும் இரண்டு ஒய்யும் சேர்ந்தால் பத்தொன்பது. ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும் சேர்ந்தால் எட்டு.

எக்ஸ் மூன்று, ஒய் ஐந்து என்று எனக்கே தெரிந்துவிட்டது. அக்காவோ எக்ஸ் ஐந்து, ஒய் இரண்டு என்று எழுதினாள். முதல் வரிக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இரண்டாவது வரிக்கு? ஐந்தும் இரண்டும் எந்த ஊரில் எட்டாகும்? நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் உயிர் போய்விட்டது.

அவர் சிலேட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நல்லா பாத்துதான் எழுதுனீங்களா?”

“பாத்துதாங்க எழுதுனேன்.”

அவள் பார்வை தாழவில்லை. அவர் கைக்குட்டையால் சிலேட்டைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். எக்ஸும் தெரியாத, ஒய்யும் தெரியாத என் அப்பாவிடம், “கணக்கு சரிங்க. நல்ல புத்திசாலிப் பொண்ணு, படிப்ப நிறுத்திடாதீங்க” என்றார்.

ஒரு வாரத்தில் தரகர் வந்து, ஜாதகம் சரியாக அமையவில்லையாம் என்று இழுத்தார். “அதெல்லாம் பாத்துக்கினுதானேபா வந்தாங்க?” என்று அப்பா அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றாமல் அக்காவைக் காலேஜில் சேர்த்துவிட்டார்.

முதல் நாள் காலேஜுக்குக் கிளம்பும்போது அக்கா கண்ணாடி முன் நின்று பின்னிக்கொண்டிருந்தாள். அஞ்சும் ரெண்டும் எட்டு என்று ஒத்துக்கொள்கிற வாத்தியாரிடம் படிக்கிற பிள்ளைகள் பாவம், நல்லவேளை நீ தப்பித்தாய் என்று கேலி செய்தேன். சிரிப்பாள் என்று பார்த்தால், சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“அவர அப்டி சொல்லாதமா. அவ்ளோ நல்ல மனுஷர நான் இனிமே பாப்பனா தெரியல.”

கண் நிறையத் தண்ணீர். நம்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவருக்காக, ஆசைப்பட்ட காலேஜுக்குப் போகிற நாளில், இவள் எதற்கு அழுகிறாள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் போய்விடும் என்று அவள் ரிப்பனை இழுத்துக் கட்டிவிட்டேன்.