அத்தான் கழற்றிய பெட்டி

திருப்புளி கைப்பிடி வரை மரத்துக்குள் போனது. ரயில் பெட்டியின் அடியில் மல்லாந்து கிடந்த அத்தான் அதை வெளியே இழுத்து, நுனியில் ஒட்டியிருந்த ஈரத் தூளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நெடுநேரம் எழும்பவில்லை.

அவர் என் அக்காவின் கணவர். சுரங்க ரயில்களைப் பழுதுபார்த்தே காலம் கழித்தவர். ஓய்வு பெற்றதும் ரொறன்ரோவுக்கு மேற்கே ஒரு சிறிய ரயில் அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத வேலைக்குச் சேர்ந்தார். கார்கள் பெருகுமுன் ஊருக்கு ஊர் மின்சாரத்தில் ஓடிய பெட்டிகளை அங்கே திருத்துகிறார்கள். அவரிடம் வந்தது, பண்ணையொன்றில் பல காலம் கோழிக்கூடாகக் கிடந்த பெட்டி. அவரைத் தனியே கார் ஓட்ட விட மனமில்லாமல் அக்கா என்னையும் அனுப்பினாள். சனிக்கிழமைகளில் நாங்கள் வசிக்கும் மில்லிக்கனிலிருந்து புறப்பட்டு நெடுஞ்சாலையில் ஊர்ந்து போவோம். கிழமை முழுவதும் களஞ்சியத்தில் பாரம் தூக்கிய முதுகோடு அங்கேயும் குனிந்து பழைய பெயின்ற் சுரண்டுவேன்.

“ஏன் அத்தான் உந்தக் கரைச்சல்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வேலையிலை திருத்தி அனுப்பின ரயில் அடுத்த மாதம் திரும்பி வந்து நிக்கும். ஒண்டையாவது முழுசா முடிச்சிட்டன் எண்டு பாக்கவேணும்.”

ஜன்னல்கள், இருக்கைகள், கதவுகள் எல்லாம் பல பனிக்காலங்களில் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. இரும்புத் தகடு மூடியிருந்த அடிச்சட்டத்தை நல்லதென்றே நம்பியிருந்தோம். தகட்டைக் கழற்றிய அன்றுதான் திருப்புளி உள்ளே போனது. பெட்டியின் முழுப் பாரத்தையும் தாங்கவேண்டிய மரம் உளுத்துப்போயிருந்தது.

பக்கத்துக் கொட்டகையில் அதே வகைப் பெட்டி இன்னொன்று நின்றது. அடிச்சட்டம் உறுதியானது, உள்ளே ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்தால் ஒன்றைத்தான் காப்பாற்றலாம். அதை முடிவுசெய்ய அருங்காட்சியகத்தில் கூடிய கூட்டத்தில் எல்லோரும் அத்தானைப் பார்க்கக் கூசினார்கள். அவரே கையை உயர்த்தி, தன்னுடையதைக் கழற்றலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தான் பொருத்திய ஜன்னல்களை, மற்றதில் மாட்டுவதற்காக, தானே கழற்றவும் தொடங்கினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும், “என்னப்பா, முடிஞ்சுதோ?” என்று அக்கா கேட்டாள்.

“ஓம், முடிஞ்சுது.”

அவள் முகமெல்லாம் மலர்ந்து கேசரி கிண்டப் போனாள். அவர் தடுக்கவில்லை. குசினிக்குள் போய் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அடுப்பை நிறுத்திவிட்டு, கரண்டியோடு அப்படியே நின்றாள்.

இப்போது அத்தானுக்கு முழங்கால் மடங்குவதில்லை. கொட்டகைப் பக்கம் போவதில்லை. எனக்குச் சனிக்கிழமைகள் திரும்பக் கிடைத்தும் உடம்பு ஆறவில்லை. போன கோடையில், காப்பாற்றப்பட்ட பெட்டி முதல் முறை ஓடியபோது எங்களை அழைத்தார்கள். அக்காவும் நானும் கைகொடுத்து அவரை ஏற்றினோம். வண்டி மரங்களுக்கிடையே வளைவு எடுக்கும்போதே அவர் தூங்கிப்போனார்.

“எழுப்பட்டோ?” என்றேன்.

“விடு தம்பி,” என்று சொல்லி, அக்கா தன் தோளை அவர் தலைக்குச் சரியாக நகர்த்திக்கொடுத்தாள். வண்டி திரும்பி வந்து நின்றது. மற்றவர்கள் இறங்கினார்கள். சாரதி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார். அடுத்த சுற்றுக்கும் நாங்கள் இறங்காமலே இருந்தோம்.