ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லை

தேர்தலுக்கு மறுநாள் காலை எங்கள் ஊர் வெதுப்பகத்தில் வழமைபோல வரிசை நின்றது. ஜேர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள சிறிய ஊர் இது. கிறைஸ்ராக் எனப்படும் மாவட்டசபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை என்று பத்திரிகையின் முதற்பக்கம் சொன்னது. எனக்கு முன்னால் நின்றவர் அதை வாசித்துவிட்டு, "இனி அவர்கள் ஒருவரோடொருவர் பேசித்தான் ஆகவேண்டும்" என்றபடி பாண் வாங்கிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்தில் முடிவு வரும் நாட்களில் அப்பா கடையைப் பாதி பூட்டிவிட்டு வானொலியருகே இருப்பார். வென்றவர்கள் எங்களை என்ன செய்வார்கள் என்பதுதான் அவருடைய யோசனை. பாண் வாங்கிய மனிதருடைய நிம்மதியைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் உள்பக்கத்தில் இருந்தது. அங்கே வசந்தியின் படம். ஒரு சிறிய கட்சியில் நின்று வென்றிருந்தாள். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் இனி அந்தச் சிறிய கட்சியின் தயவு வேண்டும்.

வசந்தியும் நானும் ஒரே வருடம் இங்கே வந்தவர்கள். அவளுடைய குடியுரிமை அன்ராக்கை, அந்த விண்ணப்பத்தை, நிரப்பிக் கொடுத்தவள் நான். அலுவலகத்தில் சந்திக்கத் தந்த ரேர்மினுக்குக் கூட்டிப்போனவளும் நான். எனக்கான அன்ராக்கை மட்டும் எழுதவில்லை. பழைய கடவுச்சீட்டை விட்டால் ஊரும் கைவிட்டுப் போய்விடும் என்று நம்பினேன். தேர்தலில் நிற்கச் சொல்லி அந்தக் கட்சிக்காரர் முதலில் என்னிடம்தான் வந்தார்கள். நான் இந்நாட்டுக் குடிமகள் இல்லை என்றதும், வேறு யாரையாவது தெரியுமா என்று கேட்டார்கள். அவளைக் காட்டிவிட்டதும் நான்தான்.

முதியோர் இல்லச் சமையலறையில் நான் பத்திரிகையைக் கசக்கி எறிந்ததை உடன் வேலைசெய்யும் உர்சுலா கண்டுவிட்டாள். உன் கட்சி தோற்றுவிட்டதா என்று பரிவோடு கேட்டு, கோப்பி ஊற்றித் தந்தாள். ஓம் என்று தலையாட்டிவிட்டுக் குடித்தேன்.

பின்னேரம் வசந்தி தொலைபேசியில் வந்தாள். முதற்கூட்டத்திலேயே எங்கள் முதியோர் இல்லப் பக்கம் போகும் பஸ்சை நிறுத்துவதா என்று வாக்கெடுப்பாம். உனக்கென்ன, அதிர்ஷ்டக்காரி என்றேன்.

"அவங்கள் முதல்ல உங்களைத்தான் கேட்டவங்கள், அக்கா. நான் மறக்கேல்லை. எனக்குப் பயமாய்க் கிடக்கு. நீங்கள் கூட்டத்துக்கு வந்து இருங்கோ."

அவள் மறந்திருந்தால் எனக்கு வெறுக்கவாவது சுகமாக இருந்திருக்கும்.

"வாறன்" என்றேன்.

கூட்டத்தன்று பார்வையாளர் வரிசையில் இருந்தேன். வசந்தி எழுந்து, அந்தப் பஸ் இல்லாவிட்டால் விடியக்காலை வேலைக்குப் போகும் பெண்கள் எப்படிப் போவது என்று கேட்டாள். ஜேர்மன் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'டெர்' வரவேண்டிய இடத்தில் இரண்டு தடவை 'டி' என்றாள். பிழைகளை விரல்விட்டு எண்ணினேன். அதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி. மண்டபத்தில் வேறு யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அவள் கேட்டது என் பஸ்சுக்காக என்பது அவள் பேசிமுடித்துக் கதிரையில் இருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பஸ் ஓடட்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றார்கள். பெரிய கட்சிகளில் ஒன்று உயர்த்தியது, மற்றது உயர்த்தவில்லை. பிறகு வசந்தியின் கட்சிக்காரர் உயர்த்தினார்கள். அவளுடைய மெல்லிய கையும் உயர்ந்தது. எண்ணி முடித்து, பஸ் ஓடும் என்று அறிவித்தார்கள்.

அவர்கள் கைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது என் வலக்கையும் மடியிலிருந்து தானாகவே எழும்பியிருந்தது. பக்கத்திலிருந்த முதியவர் அதைக் கண்டு, நான் வெளியே போகத்தான் வழி கேட்கிறேன் என்று நினைத்து, முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்.