அமைதியான மாப்பிள்ளை

"கொன்னவன் படிச்ச பள்ளிக்கூடம் வரைக்கும் காட்டுறாய்ங்க. செத்தவளுக்கு ஒத்த போட்டோ! அதுலயும் பாதி முகம்!"

தையல் மிஷினில் சாய்த்து வைத்த போனில் ஓடும் நிஜக் கொலை வழக்கு வீடியோக்களைப் பார்த்து முத்துமீனா அக்கா நாள் முழுக்கச் சொல்வது இதைத்தான். சொல்லிவிட்டு அடுத்த கொலைக்குப் போய்விடுவார். செல்லூர் தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று சத்தத்தை முழுசாகக் கூட்டியிருப்பார். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் ஒரு கரகரக் குரல் இலவசம்: "அன்று... அவள்... வீடு திரும்பவில்லை."

ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போதும் பேச்சு அதேதான். "துப்பட்டாவே போதும்னு முடிச்சுட்டான்த்தா" என்று பின்கழுத்தில் டேப்பை வைப்பார். வந்தவர்கள், "போன தடவை அளவே இருக்கட்டும்க்கா" என்று தப்பித்து ஓடுவார்கள்.

மகள் தமிழ்வாணிக்கு இது பிடிக்காது. "பெத்தவ அங்க அழுகுறா, நீ காராச்சேவு தின்னுக்கிட்டுப் பாக்குறியேம்மா?"

"அழுதுக்கிட்டேதானடி திங்கிறேன்!"

தமிழ்வாணிக்கு வண்டியூரிலிருந்து மருது என்றொரு வரன் வந்தது. அவளுக்கும் பிடித்துப்போனது. வழக்கப்படி அக்கா மாப்பிள்ளையின் தெருவுக்கு விசாரிக்கப் போனார். மளிகைக் கடை, இஸ்திரி வண்டி, எங்கே கேட்டாலும் ஒரே பதில்: "தங்கமான பையன். அமைதி. இருக்கிற இடமே தெரியாது."

அக்கா முகம் வெளுத்துத் திரும்பினார். "எல்லாக் கொலைகாரனையும் பக்கத்து வீட்டுக்காரன் இப்படித்தானடி சொல்றான்! ஒரு வாய்ச்சண்டை போட்டிருந்தாக்கூட நம்பிக் குடுப்பேன்."

இதற்குள் மாப்பிள்ளை வீட்டாரும் செல்லூருக்கு வந்து விசாரித்துப் போயிருந்தார்கள். எங்கள் தெரு எதையும் ஒளிக்கவில்லை. மருதுவிடம் போனில் பேசிவிட்டு வந்த தமிழ்வாணி வெடித்தாள்.

"என்னைய எல்லாருக்கும் பிடிச்சிருக்காம். ஆனா அவுக அம்மா ஒன்னைய நெனச்சு நடுங்குறாகளாம். கொலையக் கரைச்சுக் குடிச்சவளாம் நீ! நீ அவுகளுக்குப் பயப்படுற, அவுக ஒனக்குப் பயப்படுறாக. நான் எப்பத்தாம்மா கல்யாணம் பண்றது?"

அக்கா போனை நிறுத்தினார். தெருவே திடுக்கிட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நெசமாவே நடுங்குறாகளாடி? அப்பச் சரி. நான் பாத்த அம்புட்டுப் பிள்ளைகள்ல ஒருத்திக்காவது, அவ ஆத்தாளுக்குப் பயந்த மாமியா வீடு கெடைச்சிருந்தா, இன்னைக்கு உசுரோட இருந்திருப்பா. தேதி குறிக்கச் சொல்லு. நான் பாக்குறத விடமாட்டேன்னும் சேத்துச் சொல்லு."