அரிசியில் பதிந்த கை

போன வாரம் டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். தங்கை மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. குழந்தை கைக்கு வசம்பு கோத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கடைக்காரர் தாளில் மடித்துக் கொடுத்ததை அப்படியே வாங்கிப் பையில் போட்டிருக்கலாம். நான் மடிப்பைப் பிரித்து, ஒரு துண்டை ஒடித்து, முகர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "வசம்புதாங்க்கா, வெசம் இல்ல" என்றார் அவர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்தக் காட்டமான வாசனை மூக்கில் ஏறியதும், திரும்பி வந்த பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்ததெல்லாம் பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டின் அரங்குக்குள்தான். எங்கள் பக்கம் வீட்டுக்குள் இருக்கும் சாமான் அறையை அரங்கு என்போம். ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் போக வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் அந்த வீட்டில்தான் தங்கினேன். அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. வீட்டில் என்னோடு இன்னும் இரண்டு பேர். மூத்தவர் சிவகாமி அக்கா, பள்ளிக்கூட டீச்சர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், கல்யாணம் ஆகவில்லை. இன்னொருத்தி ஜெசிந்தா. உவரிக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்னைவிட ஒரு வயது மூத்தவள். மூன்று பேரும் சேர்ந்து வாடகை கொடுத்து, சேர்ந்து பொங்கித் தின்றோம். பொங்கியது என்னவோ அவர்கள் இருவரும்தான். நான் வைத்த ரசத்தை ஒருமுறை ஜெசிந்தா வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, இதைக் குடித்தால் ஆஸ்பத்திரியில் தன் வார்டுக்கே வந்துவிடலாம் என்று சொன்னாள். அதிலிருந்து எனக்குத் தேங்காய் துருவும் வேலை மட்டும்தான்.

சிவகாமி அக்காவுக்குச் சந்தேகம் என்பது மூச்சு விடுகிற மாதிரி. மிளகு வாங்கினால் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு, மிதப்பது பப்பாளி விதையா என்று பார்ப்பார். புளியைக் கடித்துப் பார்ப்பார். மூடையில் மேலாக இருக்கும் பருப்பை எந்தக் கடையிலும் வாங்க மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளச் சொல்வார். அவர் தெருவில் வருவதைக் கண்டதும் மளிகைக்கடை அண்ணாச்சி தராசை ஒருமுறை துடைத்து வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். பால்காரர், இஸ்திரி போடுகிறவர், கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவர், ஒருத்தர் பாக்கியில்லை. ராத்திரி பூட்டிய கதவைக் காலையில் திறக்கும்போதுகூட, பூட்டு நேற்று வைத்த மாதிரி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

உலகத்தில் அவர் நம்பியது ஒரே ஒரு ஆளை. சீவலப்பேரிப் பக்கம் இருந்த அவருடைய தாய்மாமா. பிசான நெல் அறுப்பு முடிந்து பங்குனி பிறந்ததும் மாமா தன் வயல் நெல்லை அவித்துக் குத்தி, மூடைகளாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அவரே இறக்கி வைப்பார். அந்த அரிசியை மட்டும் அக்கா ஒரு மணி எடுத்து நுணுக்கிப் பார்க்க மாட்டார். மாமாவுக்கு மோர் கலந்து கொடுத்து, எதிரே நின்று சிரித்துப் பேசுவார். வருஷத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் அவர் நெற்றியில் சுருக்கம் இல்லாமல் நான் பார்த்தது.

பங்குனியில் வருஷ சாமான் வாங்குவது அந்த வீட்டில் ஒரு கல்யாண வேலை. செம்மண் கட்டிக் காய்ந்த துவரை, உப்பு வைத்து அடைத்த புளி, மூன்று வெயில் கண்ட வத்தல், உடன்குடிக் கருப்பட்டி. ஜெசிந்தா ஊரிலிருந்து கருவாடு கொண்டு வருவாள். அதற்கு அரங்குக்குள் இடம் கிடையாது. டின்னில் போட்டு, துணி சுற்றி, கொல்லைக் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும். காற்றடித்தால் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, மூடியிருக்கிற டின்னையே சந்தேகமாகப் பார்ப்பார்.

அந்த வருஷம் பூச்சி வராமலிருக்க அரிசிக்குள் போட வசம்பு வாங்கி வரும் பொறுப்பு எனக்கு. வாங்கி வந்தேன். அக்கா முகர்ந்தார், நகத்தால் கீறினார், இது வசம்பே இல்லை, ஏதோ வேர் என்று கொல்லையில் எறிந்துவிட்டார். வேறு கடைக்குப் போக எனக்குச் சோம்பல். வேப்பிலை மட்டும் போதும் என்று அவரே முடிவு செய்து, கொத்தாக ஒடித்து அரிசி டிரம்முக்குள் போட்டார். கடைசியாக அரிசியின் மேல்பரப்பைத் தடவிச் சமமாக்கி, நடுவில் தன் வலது கையை ஐந்து விரலும் பதிய அழுத்தி மூடினார். சமைக்க அரிசி எடுப்பது அவர் மட்டும்தான். எடுத்ததும் மறுபடி தடவி, மறுபடி கை பதிப்பார். எங்கள் முன்னாலேயே செய்வார். ஜெசிந்தா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள்.

ஆடி முடிகிற சமயம். ஒரு நாள் சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து அரங்குக்குள் இழுத்துப் போனார். டிரம் திறந்திருந்தது. அரிசி மீது கை இருந்தது. அக்கா தன் கையை அதன் மேல் வைத்துக் காட்டினார். பொருந்தவில்லை. அவர் கை அகலம். பதிந்திருந்ததோ ஒடுக்கமான, விரல் நீண்ட கை. அரிசியும் ஒரு சாண் இறங்கியிருக்கிறது என்றார்.

"ஒன் கைய வையி" என்றார்.

வைத்தேன். என் குட்டை விரல்களுக்கு அதில் பாதிதான் நிரம்பியது. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் நானும் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே தடயம்தான். ஜெசிந்தாவுக்கு நைட் டியூட்டி முடிந்தால் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்குப் போவாள், போகும்போது பை கனமாக இருக்கும். ஒரு தடவை அவள் தலைமுடியில் உமித்தூள் ஒட்டியிருந்தது. நேற்றுவரை ஒரே தட்டில் மாங்காய் தின்றவளிடம், 'என்ன தூக்கம் வரலையா பகல்ல' என்று கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அக்காவின் கண் எனக்கு ஒட்டிக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் குளித்துக்கொண்டிருந்தாள். பை கட்டில்மேல் இருந்தது. திறந்தேன். சேலைகளுக்கு அடியில் ஒரு துணி மூட்டை. கட்டை அவிழ்க்கக்கூட இல்லை. அமுக்கிப் பார்த்தேன், அரிசி. போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பையைத் தூக்கியதும் அக்கா வாசலில் நின்றார்.

"பைக்குள்ள என்னட்டி இருக்கு?"

ஜெசிந்தா பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"இந்த வீட்டு அரிசிதான்க்கா. வீட்டுல கோழிக்குப் போடக் கொண்டுபோறேன்."

"எங்க மாமா வெளைய வச்ச அரிசி ஒங்க வீட்டுக் கோழிக்கா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தது எனக்குத் தெரியும். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெல்ல இறங்கிப் போனாள். அடுத்த வாரம் நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து தன் பெட்டியை எடுத்துக்கொண்டாள். கருவாட்டு டின்னையும் ஆணியிலிருந்து கழற்றி எடுத்துப் போயிருந்தாள். அரங்கிலிருந்த எதிலும் அவள் தன் பங்கைக் கேட்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். பக்கத்து வீட்டு மைமூன் அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எங்கள் மாடிக்கும் அவர்கள் மாடிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான்.

"அந்த நர்ஸ் பிள்ளைய எங்கன காணோம்? நீங்க வேலைக்குப் போன பெறவு மேல அரிசியக் கொண்டாந்து சுளகுல பொடச்சு வெயில்ல போடுமே. அவ்வளவு வண்டு. வண்டு அரிச்சத மட்டும் கோழிக்குன்னு தனியா கட்டி வச்சுக்கும். வேப்பிலைய ஈரத்தோட போட்டிருக்காங்க போலன்னு நாந்தான் சொன்னேன். அக்காட்ட சொல்லிராதீங்க, மாமா வீட்டு அரிசின்னா உசுரு அவங்களுக்குன்னு சொல்லிச்சு."

நான் படியிறங்கி வந்தேன். அக்காவை அரங்குக்குள் கூட்டிப் போனேன். டிரம்மைத் திறந்து காட்டினேன். பதித்த கையின் மேலெல்லாம் கறுப்பாக வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அவ்வப்போது ஒன்றிரண்டை அக்கா சமையலில் பொறுக்கி எறிந்திருக்கிறார், அது பருப்பிலிருந்து வந்தது என்று கடைக்காரரைத் திட்டியும் இருக்கிறார். ஜெசிந்தாவின் கைக்கு எட்டாத அடி அரிசியில் இருந்ததெல்லாம் இப்போது மேலே ஏறியிருந்தது. மைமூன் அக்கா சொன்னதை அப்போதுதான் சொன்னேன். அக்கா கையை அரிசிக்குள் விட்டு அப்படியே நின்றார். மணிக்கட்டில் ஏறிய வண்டுகளை அவர் தட்டிவிடவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜெசிந்தா வெள்ளைச் சீருடையில் வந்து, எங்களைக் கேண்டீன் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். அக்கா அந்த டீயை எதுவும் பார்க்காமல் குடித்தார்.

ஏன் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன்.

"நீங்க எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்க. அந்த அரிசிய மட்டுந்தான் கண்ண மூடிட்டு வாங்குவீங்க. அது ஒண்ணாச்சும் இருக்கட்டும்னு நெனச்சேன்க்கா" என்றாள் அக்காவிடம். பிறகு என்னிடம் திரும்பி, "நீ ஒருக்க என்ட்ட கேட்டிருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் எனக்குள் கிடந்திருக்காது.

வீட்டுக்கு வந்துவிடு என்று அக்கா இரண்டு முறை சொன்னார். வருகிறேன், ஒரு நாள் வருகிறேன், தங்குவதெல்லாம் முடியாது என்றாள். சொன்னபடி கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தாள். முன்னறையில் உட்கார்ந்து காபி குடித்தாள், சிரித்துப் பேசினாள். உள்ளே வா என்றதற்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டாள். பிறகு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அடுத்த பங்குனியில் மாமா வந்தபோது பழைய அரிசியே டிரம்மில் பாதி கிடந்தது. புடைத்துப் புடைத்துத் தின்றும், மூன்று பேருக்கு வாங்கியதை இரண்டு பேரால் தீர்க்க முடியவில்லை. ஒரு மூடை போதும் என்றார் அக்கா. சொல்லிவிட்டு, கோணியின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளிச் சுளகில் போட்டுக் குனிந்தார்.

"என்னம்மா, ஏங்கிட்டயுமா?" என்றார் மாமா.

"சும்மாதான் மாமா."

மோரை நான்தான் கலந்து கொடுத்தேன். அதற்கடுத்த வருஷம் மாமா வரவில்லை, வயலில் வேலை செய்கிறவரிடம் மூடையைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி நானும் கிளம்பினேன். அக்கா ஓய்வு பெற்றபின் தம்பி வீட்டோடு போய், அங்கேயே காலமானார். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஸ்கேன் சென்டர். அரங்கு என்று சொன்னால் என் மகளுக்கு நாடகம் போடுகிற இடம்தான் ஞாபகம் வருகிறது. அரை கிலோ துவரம்பருப்பைப் போனில் சொல்லி வரவழைக்கிறாள், தீர்ந்தால் மறுபடி சொல்கிறாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, வண்டு பிடிக்கிற அளவுக்கு எதுவும் தங்குவதில்லை. ஆனால் பங்குனி வெயிலில் நாங்கள் மூன்று பேரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாடியில் வத்தல் காயப்போட்ட நாளை நினைத்துக்கொள்கிறேன். ஆளுக்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்றெல்லாம் அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார். பருப்பைச் சந்தேகப்பட்டார், புளியைச் சந்தேகப்பட்டார். வருஷம் முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே இருந்து அதைத் தின்று முடிப்போம் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.