ஈரோட்டுக்குப் போகாத லீவில் எட்டுப் பாட்டு

ஸ்டுடியோவில் பாடுவது, தொண்டையைத் தவிர உடம்பில் வேறெதுவும் சத்தம் போடக்கூடாத தொழில். வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, நடுவில் பாட்டு ஆசையும் பிடித்து ஆட்டுகிற என் சக பாவப்பட்டவர்களே, இதெல்லாம் உங்களுக்காகத்தான்.

நான் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்துக் காப்பெல் ஊரில் இருக்கும் சாப்ட்வேர் டெஸ்டர். சின்ன வயதிலிருந்து கற்றது கர்நாடக சங்கீதம். இங்கே வந்து தினமும் ஃப்ரீவேயில் ஊர்ந்ததில், ரேடியோவில் வரும் கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமத்துப் பாட்டின் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. இங்கிலீஷில் நானே எட்டுப் பாட்டு எழுதி, முதல் ஆல்பத்துக்கு இரண்டு வாரம் ஸ்டுடியோ புக் பண்ணினேன். அந்த இரண்டு வார லீவு, ஈரோட்டில் நாத்தனார் வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்குப் போகச் சேர்த்து வைத்தது. பெண்ணை ஸ்கூலில் விட்டுக் கூட்டிவர ஆள் வேண்டுமே என்று என் கணவர் செந்திலும் போகவில்லை. "சரி, பாரு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆல்பம் முடியாவிட்டால் ஈரோடும் போச்சு, பாட்டும் போச்சு.

குக்கர் பாட்டு

ரெக்கார்டிங் என்ஜினியர் வேட், அசல் டெக்சஸ்காரர். முதல் நாள் பாட்டுகள் எதைப் பற்றி என்று கேட்டார். கன்ட்ரி பாட்டென்றால் சொந்த வாழ்க்கையில் பட்டதைப் பாட வேண்டுமாம். நான் பட்டதைத்தான் எழுதியிருந்தேன்: டேகேர் வாசலில் அழுதது, கிரீன் கார்டுக்குக் காத்திருந்தது, வீடு மாறும்போது ரைஸ் குக்கர் தொலைந்தது.

வேட் கடைசிப் பாட்டை மட்டும் இரண்டு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கன்ட்ரியில டிரக் தொலைஞ்சு பார்த்திருக்கேன், நாய் தொலைஞ்சு பார்த்திருக்கேன். குக்கர் தொலைஞ்சு இப்பதான் பார்க்கிறேன்."

சலங்கை எங்கே?

மூன்றாம் நாள் மைக்கில் கிணுகிணுவென்று ஒரு சத்தம். வளையலைக் கழற்றினேன். ஜிமிக்கியைக் கழற்றினேன். அப்பவும் நிற்கவில்லை. அந்தச் செயினையும் எடுத்துவிடலாமே என்றார் வேட். அது தாலி, எடுக்க முடியாது என்று விளக்குவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. எனக்கோ கடிகாரத்தின் மேலேயே கண்.

மனிதர் ஒட்டுகிற டேப் எடுத்து வந்து கொடுத்தார். தாலியைக் கழுத்தெலும்போடு சேர்த்து ஒட்டிக்கொண்டேன். சத்தம் நின்றதும் வேட் சொன்னார்: "ஒரு கல்யாணத்தை அமைதியாக்க இவ்வளவு டேப் போதும்னு எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சு."

வளையாத சுரம்

இழுத்துப் பிடிக்க வேண்டிய இடத்தில் என் தொண்டை தானாகக் கமகம் போட்டது. நேராக நில்லு என்றால் கேட்டால்தானே? ஃபிடில் வாசிக்கும் மார்லா என்னைவிடச் சின்னவள், பொறுமைசாலி. ஆறு டேக் வரை கூடவே வாசித்தாள். ஏழாவதில் வில்லைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரே சுரத்துக்குள்ள எத்தனை தடவைதான் வீடு மாறுவீங்க?"

முதுகில் ஆதி தாளம்

கடைசி நாள். பாக்கி குக்கர் பாட்டு ஒன்றுதான். மறுநாள் எனக்கு ஆபீஸ்; அன்றைக்கே நாலு மணிக்கு ஸ்டுடியோவுக்கு வேறொரு பேண்டு வருகிறது. பாட ஆரம்பித்தால் மைக்கில் தொப் தொப் என்று ஒரு அடி. வேட் ஏ.சி.யை அணைத்தார், கதவைச் சோதித்தார், கடைசியில் கண்ணாடி வழியாக என் வலது கையைப் பார்த்தார். என்னை அறியாமல் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன்! பாட்டு கிளாஸில் இருபது வருஷம் பழகிய கை. கையின் மேல் உட்கார்ந்து பாடினேன். பாட்டு செத்த பாம்பு மாதிரி கிடந்தது. மூன்றரை ஆகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என்னைக் கூட்டிப்போக வந்த செந்தில் வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஆபீஸ் ஏ.சி.க்குப் போடும் தடி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என் நாற்காலிக்கு முன்னால், முதுகைக் காட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போடு என்றார். போட்டேன். பாட்டு முழுக்க அந்த முதுகில் தாளம் போட்டேன், மைக்கில் ஒரு சத்தமில்லை. இரண்டு வாரமாகக் கேட்காத மன்னிப்பும் அதிலேயே சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். முதல் டேக்கிலேயே வேட் கட்டை விரலை உயர்த்தினார்.

செந்தில் முதுகைத் தடவிக்கொண்டே எழுந்தார். "என் தங்கச்சிகிட்ட நீயே சொல்லிரு. விசேஷத்துக்கு வராததுக்கு அண்ணன் முதுகுல நல்லா வாங்கிட்டான்னு."

ஆல்பம் வந்துவிட்டது, அட்டையில் 'தாளம்: செந்தில்' என்று போட்டும் ஆகிவிட்டது, நாத்தனார்தான் இன்னும் போனை எடுக்கவில்லை.