சீனியரின் வார்டு

நீதிமன்ற வராந்தாவில் அவளைக் 'கொக்கி' என்றுதான் சொல்வார்கள். சாட்சி எவ்வளவு வழுக்கினாலும் ஒரே கேள்வியில் மாட்டித் தூக்கிவிடுவாள். அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் அவள் சீனியரிடம் ஜூனியராக இருந்தாள். ஊரிலேயே பெரிய வக்கீல் அவர்; நகராட்சித் தலைவரும் அவரே.

ஒரு சைக்கிள் கடைக்காரரின் மேல்முறையீடு அவர்களிடம் வந்தது. கடை இருந்த இடம் தனக்கே சொந்தம் என்று பங்காளி ஒருவன் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்திருந்தான். அவள் மனுவைத் தயாரித்து சீனியரின் மேசையில் வைத்தாள். தினமும் நினைவுபடுத்தினாள்.

"சார், கெடு முடியப் போகுது. ஒரு கையெழுத்துதான்."

"பார்க்கலாம்மா, பார்க்கலாம்."

அவருக்குத் தேர்தல் வேலை. கெடு தாண்டிவிட்டது. தாமதத்துக்கு என்ன காரணம் என்று நீதிபதி கேட்டபோது சீனியர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"என் ஜூனியரோட கவனக்குறைவுங்க. சின்னப் பொண்ணு, கல்யாணக் கனவுல மறந்திருக்கும்."

கோர்ட்டே சிரித்தது. மனு தள்ளுபடியானது. வாசலில் சைக்கிள் கடைக்காரர் அவளை மறித்தார்.

"எதுக்கும்மா என் வயித்துல அடிச்சே?"

உண்மையைச் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? வீட்டுக்கு வந்து, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் சொன்னாள்: "அந்த ஆளை நான் விட மாட்டேன்க்கா."

அக்கா தையலை நிறுத்தவில்லை. "விடாதே. முதல்ல சாப்பிடு, அப்புறமா விடாதே."

ஒரு அச்சகத்தின் மாடியில் அறை பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கினாள். சீனியர் ஆஜராகும் வழக்கு என்றால் எதிர்த்தரப்புக்குத் தானே போய் நின்றாள். வழக்குக் கட்டைப் படிக்காமல் வந்த நாளில் அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசுவார். அது அவளுக்கு மட்டும் தெரியும். அவர் கண் ஜன்னல் பக்கம் போனதும் எழுந்து மடக்கிவிடுவாள். அவரிடம் வழக்குக் கொடுத்திருந்த கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

ஆனால் அது போதவில்லை. காலையில் கோர்ட்டில் தோற்றவர் மாலையில் தலைவர் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டார். அந்த நாற்காலியையும் பிடுங்க வேண்டும் என்று அவருடைய வார்டிலேயே தேர்தலில் நின்றாள். முதல் முறை மண்ணைக் கவ்வினாள். அதன் பிறகு அந்த வார்டின் சந்து பொந்தெல்லாம் அலைந்தாள். எரியாத விளக்குக்காகச் சண்டை போட்டாள். அடைத்த சாக்கடைக்கு ஆளைக் கூட்டிவந்து பக்கத்திலேயே நின்றாள். அதெல்லாம் மக்கள்மேல் உள்ள பாசத்தால் என்று சொல்ல முடியாது, பாதிக்குமேல் வன்மம்தான். சாக்கடைக்கு அது தெரியுமா? அடைப்பு நீங்கியது. அடுத்த தேர்தலில் சீனியர் தோற்றார். ஜெயித்த உறுப்பினர்கள் சேர்ந்து அவளைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சீனியரின் அலுவலக அறை பாதிக்குமேல் சாலையில் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் தலைவராக இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது சாலையை அகலப்படுத்த, இடிக்கச் சொல்லி நோட்டீஸ் போனது. விலக்குக் கேட்டு அவர் நகராட்சி மன்றத்துக்கு வந்தார். அன்று சைக்கிள் கடைக்காரரையும் அவள் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். அவர் இப்போது ஒரு கிடங்கில் காவலாளி.

"சார், உங்க மனுவுக்கு முன்னாடி ஒரு கேள்வி. இவரோட அப்பீல் மனு கெடுவுக்கு முன்னாடியே உங்க மேசைக்கு வந்துச்சா இல்லையா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"வந்துச்சா, இல்லையா?"

சீனியரின் கண் ஜன்னலுக்குப் போனது. "வந்துச்சு."

"அப்போ தப்பு யாருது?"

"என்னுதுதான்."

உறுப்பினர்கள் விழித்தார்கள். "எந்த கேஸு?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். அன்று கோர்ட்டில் சிரித்தவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சொல்லிட்டேன்மா. இனி அந்த ரூமை..." என்றார் சீனியர்.

"சொன்னதுக்கு நன்றி சார். அது ரோட்டோட இடம். விலக்குக் கிடையாது."

விலக்கு வேண்டாம் என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன.

வெளியே வந்ததும் சைக்கிள் கடைக்காரர் சொன்னார்: "இத்தனை வருஷமா உங்களைத்தான் சபிச்சேன்மா."

"தெரியும்."

"இனிமே அவரையா சபிக்கணும்? எனக்குத் தெம்பு இல்லைம்மா." அவர் திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டார்.

இடிக்கும் நாளில் அவள் எதிர்ச்சாரியில் குடையோடு நின்றாள். சீனியர் சட்டப் புத்தகங்களை அணைத்தபடி வெளியே வந்தார். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. புழுதி கொஞ்சம் அடங்கியதும் சாலையைக் கடந்துபோய் இயந்திரம் ஓட்டுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த ஓரத்துல படி ஒண்ணு பாக்கி இருக்கு, பாருங்க."